தோணி வண்டிக்கு உருளை கேட்ட மகனுக்கு

அன்புள்ள அருளு,

உன் கார்டு கிடைத்தது. கிடைத்தது என்று எழுதுகிறேனே தவிர, என் கைக்கு வருவதற்கு முன்பே திருச்சுழிக் கடைவீதி முழுவதும் அதைப் படித்து முடித்துவிட்டது. தபால்காரர் சைக்கிளைவிட்டு இறங்கக்கூட இல்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "அண்ணாச்சி, மகன் தோணி வண்டிக்கு உருளை செய்யப் போறானாம், எந்த மரம் தாங்கும்னு கேட்டிருக்கான். புளி தாங்கும்னு எழுதிப் போடுங்க" என்று பதிலையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போனார். அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யார் வீட்டுக்கு எங்கிருந்து என்ன எழுதி வந்தது என்று இத்தனை வருஷமாக அவர் வாயைக் கிளறித் தெரிந்துகொண்டவன் நான்தானே.

மூன்று வருஷத்துக்கு நான்கு வரி. நாலு பேர் சேர்ந்து ஒரு தோணி வாங்கியிருக்கிறீர்கள், அதைக் கரைக்கு ஏற்றவும் கடலில் இறக்கவும் வண்டி செய்கிறீர்கள், உருளைக்கு எந்த மரம் நீடித்து உழைக்கும் என்று எழுதவும், அம்மாவிடம் சொல்லவும். அவ்வளவுதான். அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. அவளுக்கு இப்போது கண் மங்கிவிட்டதால் நான்தான் படித்துக் காட்டினேன். "என்ன சொல்லச் சொல்லியிருக்கான்?" என்று கேட்டாள். "அதை எழுதலையே" என்றேன். "அப்பச் சரி, அது எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கார்டை வாங்கி வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் தெரியவில்லை. நான்கு நாளாக யோசிக்கிறேன். உலகத்தில் இத்தனை ஆசாரிகள் இருக்க, அதுவும் நீ கடற்கரையிலேயே குடியிருக்க, தோணி வண்டி உருளைக்கு மரம் கேட்க உனக்கு நானா கிடைத்தேன்?

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மரம் பூவரசு. வெள்ளை மரத்தை ஒதுக்கிவிட்டு, உள்ளே கருத்து வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து எடு. இலுப்பை கிடைத்தாலும் எடுக்கலாம். தபால்காரர் சொன்ன புளி கனமான மரம்தான், ஆனால் வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் நெடுகப் பிளந்துகொள்ளும். உருளையை ஒரே பருமனாகக் கடையாமல், நடுவில் இடுப்புச் சிறுத்து, உடுக்கை மாதிரிக் கடையச் சொல். தோணியின் அடிக்கட்டை தானாக நடுவுக்கு வந்து உட்காரும், பக்கத்துக்கு ஓடாது. சுழலுகிற முனைகளை மரத்திலேயே விடாதே. உலகச் சண்டை முடிந்து இப்போது இரும்பு கிடைக்கிறது, ஒரு முழு இரும்புக் கம்பியை ஊடே கொடு. கம்பிக்கும் துளைக்கும் நடுவில் ஒரு கம்புமணி தடங்கலில்லாமல் உருண்டு விழுகிற இடம் இருக்கட்டும். ஆடும், சத்தம் போடும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பிறகு உருளைகளை மூன்று நாள் தண்ணீரில் போட்டு ஊறவைத்து, ஈரத்தோடு எடுத்து மாட்டிச் சுற்றிப் பார். காய்ந்த உருளையைச் சுற்றிப் பார்த்து எவனாவது பெருமைப்பட்டால் அவனை வண்டிப் பக்கமே சேர்க்காதே.

இத்தோடு நிறுத்தியிருந்தால் எல்லாம் ஒரு கார்டிலேயே அடங்கியிருக்கும். உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள், "கேட்டதை மட்டும் எழுதுங்க, வளவளன்னு எழுதாதீக" என்று. ஆனால் கேட்டதை மட்டும் எழுதிப் பழக்கமில்லாத கை இது. எழுத வேண்டியதை எழுதிய பழக்கமும் கிடையாது. அதனால்தான் இவ்வளவு தாள் வாங்கினேன்.

நம் ஊருக்குத் தோணி வந்த கதை உனக்குத் தெரியும். இருந்தாலும் என் தரப்புக் கதை உனக்குத் தெரியாது. குண்டாற்றில் திடீரென்று வெள்ளம் வந்து, ஆடு மேய்க்கப் போன இரண்டு பேர் அக்கரையில் மூன்று நாள் மாட்டிக்கொண்டார்கள். இக்கரையில் ஊரே கூடி நின்று அவர்களுக்குத் தைரியம் சொல்லிக் கத்தியது. கத்தியதில் எனக்கு ஒரு வாரம் தொண்டை கட்டிக்கொண்டது. ஊரில் பலபேர் அதையும் ஆண்டவரின் கிருபை என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஊர்ப் பெரியவர்களும் நம் வேதக்கோயில் உபதேசியாரும் சேர்ந்து, வேம்பார்க் கரையிலிருந்து ஒரு பழைய தோணியை வாங்கி வந்தார்கள். மாட்டுவண்டியில் தோணி வருவதைப் பார்க்க எம்.ரெட்டியபட்டியிலிருந்தெல்லாம் சனம் வந்தது. பாதிப் பேர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர் அதற்குள் ஏறி உட்கார்ந்து, இறங்க மாட்டேன் என்றுவிட்டார்.

உன் மாமா அன்றைக்கு அக்கரையிலிருந்து மெனக்கெட்டு வந்திருந்தார். ஆற்றில் கால் நனையாமல், மணலில் நடந்து வந்தார். பருத்திக்காட்டுக்கு நடுவே மேட்டில் வீடு கட்டிக்கொண்டு, என் தங்கையான உன் அத்தையோடு தனியாகக் குடியிருந்த மனுஷனுக்கு எங்களைக் கேலி செய்யாவிட்டால் சோறு இறங்காது.

"மச்சான், ஆத்துல தண்ணியப் பாத்து ஒம்பது மாசமாச்சு. இந்தத் தோணிய மணலுல விட்டு ஏர் உழப் போறீகளா?"

"மாப்ள, ஒரு நாள் நீங்க மரத்துல தொத்திக்கிட்டு இருக்கப்ப நான்தான் இதை ஓட்டிக்கிட்டு வருவேன். அன்னைக்குப் பேசிக்கிடுவோம்."

"வாங்க, வாங்க. வர்றப்ப ஒரு கவுளி வெத்தலையும் வாங்கிட்டு வாங்க. சும்மா தொத்திக்கிட்டு இருந்தா பொழுது போகாதுல்ல."

எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய்.

தோணி கோயில் பக்கத்தில் கிடந்தது. ஆறு அங்கிருந்து அரை மைல். ஆபத்து நேரத்தில் தோணியைக் கொண்டுபோய், நாலு பேர் தள்ளினால் தண்ணீரில் வழுக்கி இறங்குகிற மாதிரி, மேலே உருளைகள் வைத்த நீள வண்டி ஒன்று செய்வது என்று முடிவானது. யார் மேற்பார்வை என்று கேள்வி வந்தபோது உபதேசியார் என்னைக் காட்டினார். "சக்கரம்னா அண்ணாச்சிதான். வாடகைச் சைக்கிள் கடை வச்சிருக்காக, அவுகளுக்குத் தெரியாத சக்கரமா?" பன்னிரண்டு ஓட்டைச் சைக்கிள் வைத்திருக்கிறவனுக்குத் தோணியைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தலையில் கிரீடம் வைத்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாகூட, "என்ன, கழுத்து வலியா?" என்று கேட்டாள்.

சண்டைக் காலம். இரும்பு கிடையாது, ரப்பர் கண்ணிலேயே காணோம். ரெட்டியபட்டி ஆசாரி, உருளையின் இரண்டு முனையையும் மரத்திலேயே சிறிதாகக் கடைந்து, வண்டியின் பக்கச் சட்டங்களில் துளை போட்டு அதற்குள் சுழலுகிற மாதிரிச் செய்தார். முனைக்கும் துளைக்கும் நல்ல இடம் விட்டிருந்தார். முதல் தடவை வண்டியை இழுத்துப் பார்த்தபோது உருளைகள் கடகடவென்று ஆடின. கடையில் உட்கார்ந்திருந்த வெட்டிப் பயல்கள், "அண்ணாச்சி வண்டி வருதுடோய், பல்லு ஆடுது பாரு" என்றார்கள். மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பிழைத்தவனுக்குத் தன்னைப் பார்த்துச் சிரித்தால் தாங்காது. அதிலும் சக்கரம் ஒரு மயிரிழை ஆடினாலும் கம்பியைத் திருகித் திருகிச் சரிபண்ணுகிற தொழில் என்னுடையது. உருளைகளைக் கழற்றி, புது உருளை இறுக்கமாகச் செய்யச் சொன்னேன்.

ஆசாரி துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, மரம் ஈரம் குடிச்சா முனை பருத்துப்போகும். துளைக்குள்ள பிடிச்சுக்கிடும். எடம் விட்டுத்தான் ஆகணும்."

நான் சொன்னேன்: "ஈரமா? நம்ம ஊருலயா? ஆசாரி, ஒங்க முதுகு வேர்த்தாத்தான் இங்கிட்டு ஈரம்."

பட்டறையே சிரித்தது. ஆசாரியும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பிறகு நான் சொன்னபடியே செய்துகொடுத்தார். தண்ணீரில் இறங்கப் போகிற வண்டிக்கு உருளை செய்துவிட்டு, அதை ஒரு செம்புத் தண்ணீர்கூட ஊற்றிப் பார்க்காத ஊர் பூமியில் நம் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும். புது உருளைகள் விரலால் தொட்டால் சுழன்றன. சத்தமே இல்லை. சைக்கிள் எடுக்க வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினேன். மல்லாங்கிணற்றிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூடக் காட்டினேன். அவர்கள் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போக நேரமாகிவிட்டது என்று பெண் வீட்டார் என்னோடு சண்டைக்கு வந்தார்கள்.

உருளைக்கு எண்ணெய் விடுகிற வேலையை உன்னிடம் கொடுத்தேன். உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சனிக்கிழமை தவறாமல் விளக்கெண்ணெய்க் கிண்ணமும் ஒரு காக்கை இறகும் எடுத்துக்கொண்டு போவாய். ஒவ்வொரு முனையிலும் இறகால் தொட்டுத் தொட்டு வைத்து, உருளையைச் சுற்றிவிட்டு, வழிந்ததைத் துணியால் துடைப்பாய். ஒரு சனிக்கிழமைகூட நீ விடவில்லை. இதை நான் என் கண்ணால் பார்த்தேன். எழுத்திலும் இருக்கட்டும் என்பதற்காக இன்னொரு தடவை எழுதுகிறேன்: ஒரு சனிக்கிழமைகூட நீ விடவில்லை.

அந்த ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. வண்டி வெளியில்தான் நின்றது, தோணியைச் சுமந்துகொண்டு. மூன்றாம் நாள் காலை, மேலே எங்கோ கண்மாய் உடைந்து ஆறு பொங்கி வந்தது. உன் மாமா வீட்டைச் சுற்றித் தண்ணீர் வளைத்துக்கொண்டது என்று யாரோ ஓடிவந்து சொன்ன உடனே மாட்டைப் பூட்டி, சேற்றில் தள்ளி, வண்டியைக் கரைக்குக் கொண்டுபோய்விட்டோம். அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அக்கரையில் வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்திருந்தது. வேம்பின் கவட்டில் அத்தையை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, கீழே நெஞ்சளவு தண்ணீரில் மாமா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் ஒரு கையை எடுத்து ஆட்டினார்.

வண்டியைத் தண்ணீர்ப் பக்கம் சாய்த்து, எட்டுப் பேர் தோணியைத் தள்ளினோம். அது அசையவில்லை. மறுபடி தள்ளினோம். உருளைகள் சட்டத்தோடு ஒட்டிப் பிறந்த மாதிரி நின்றன. மூன்று நாள் மழையைக் குடித்து முனைகள் பருத்துத் துளைக்குள் இறுகிக் கிடந்தன. எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஆசாரியின் குரல் காதுக்குள் கேட்டது.

கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்: "என்னய்யா உருளை சுத்த மாட்டேங்குது? எண்ணெய் விட்டீகளா இல்லையா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அருளு, அந்த நேரத்தில் என் வாய் என்ன சொன்னது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் நானே எழுதுகிறேன். "உருளைக்கு விடச் சொன்ன எண்ணெய என் மவன் தலைக்குத் தேச்சுட்டான் போல" என்றேன்.

அந்த மழையிலும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். உனக்கு அப்போது தலையைப் படிய வாரிவிடுகிற பழக்கம் உண்டு. தோணிக்கு அடியில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த நீ, திரும்பி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாய். பிறகு கோடாலி வாங்கிச் சட்டத்தை வெட்டிப் பிளந்தாய். ஒரு பக்கம் சரிந்து தோணி தண்ணீரில் விழுந்தது. நீயும் இன்னொருவனும் ஏறிப் போனீர்கள். மொத்தத்தில் இரண்டு பஞ்சர் ஒட்டுகிற நேரம்தான் தாமதம். அதை அளக்க எனக்கு வேறு அளவு தெரியவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்தபோது மரத்தின் மேலே அத்தை இருந்தாள். கீழே மாமா இல்லை.

உடம்பு கிடைத்து அடக்கம் பண்ணிய அன்று, குழியோரத்தில் நீ எல்லோரையும் போல ஒரு பிடி மண் அள்ளினாய். அத்தை உன் கையைப் பிடித்துவிட்டாள்.

"இவன் மண்ணு போட வேணாம். எண்ணெய் விட வணங்காத கை, மண்ணு போட மட்டும் வணங்குமாக்கும்."

நீ விரலைப் பிரித்து மண்ணைக் கீழே விட்டுவிட்டு, கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே போய் நின்றாய். உனக்கு அடுத்தபடி நின்றவன் நான். குனிந்து மூன்று பிடி மண் அள்ளினேன், போட்டேன், கையைத் தட்டிக்கொண்டேன். உபதேசியார் ஜெபம் சொன்னார். நான் ஆமென் சொன்னேன்.

பிறகு ஊர் உன்னை 'எண்ணெய்த்தலை' என்று கூப்பிட ஆரம்பித்தது. என் வாயில் பிறந்த பெயர். என் கடையிலேயே, என் முன்னாலேயே கூப்பிட்டார்கள். நீ தலைக்கு எண்ணெய் தேய்ப்பதை நிறுத்திவிட்டாய். பரட்டைத் தலையோடு நீ சாப்பிட உட்காரும்போதெல்லாம் உன் அம்மா தட்டைப் பார்க்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வாள். அப்போதும் நான் பேசவில்லை. நீ வேலை தேடிக் கடற்கரைக்குப் போகிறேன் என்றபோது, "அங்கிட்டு உப்புக்காத்து, தலைமுடி கொட்டும்" என்றேன். வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்தேன்.

நீ போன இரண்டாம் நாள் ஆசாரி கடைக்கு வந்தார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். "அண்ணாச்சி, நான் யாருகிட்டயும் சொல்லல. நீங்க சொல்லுவீகன்னுதான் இருக்கேன்" என்றார். அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, பாலவனத்தத்தில் நடந்த ஒரு மாப்பிள்ளைச் சண்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பாதிப் பேச்சில் காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் நம் கடைப் பக்கம் வருவதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். பெரிய காரணம் எதுவும் இல்லை. முதல் நாள் பயமாக இருந்தது. அடுத்த நாள் அடக்கம். மூன்றாம் நாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று தோன்றியது. அப்படியே ஒவ்வொரு நாளும் முந்தின நாளுக்குப் பயந்து மூன்று வருஷம் போய்விட்டது. நடுவில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தேன். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அவனைப் பற்றி நாலு பேர் முன்னால் வேடிக்கையாகப் பேச வாய் வரும்போது பல்லைக் கடித்துக்கொள். ஊர் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும். அவன்தான் அந்தப் பேச்சோடு படுக்க வேண்டும்.

இப்போது உன் கார்டுக்கு வருகிறேன். கடற்கரையில் தோணிக்காரர்களோடு மூன்று வருஷம் இருந்தவனுக்கு, நனைந்த மரம் பருக்கும் என்பது தெரியாமலா இருக்கும்? அங்கே பிடிசோறு தின்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நீ எந்த மரம் என்று கேட்கவில்லை. அன்றைக்கு ஏன் உருளை சுற்றவில்லை என்று கேட்டிருக்கிறாய். நீ எண்ணெய் விட்டாய். நான்தான் இறுக்கமாகச் செய்யச் சொன்னேன். ஆசாரி சொன்ன பேச்சை நான்தான் சிரிப்பாக்கினேன். உன் மேல் பழி போட்டதும் நான்தான். இதற்கு மேல் விடை கிடையாது.

இதுவரை எழுதிய பிறகு, உனக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்று பட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சைக்கிள் எடுக்க வந்தவர்களை உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன். தபால்காரர் வந்த இடத்தில் சிரித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களைச் சொன்ன இடத்தில் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். முடித்தபோது, "அண்ணாச்சி, இதுல எந்த எடத்துல சிரிக்கணும்?" என்று ஒருவன் கேட்டான். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். "இதுல அப்படி எடம் இல்லப்பா" என்றேன். எடுத்த சைக்கிளைத் திரும்ப நிறுத்திவிட்டு இரண்டு பேர் நடந்தே போனார்கள்.

அன்று சாயங்காலம் அத்தையிடம் போனேன். அவள் இப்போது கோயிலுக்குப் பின்தெருவில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறாள். முற்றத்தில் உட்கார்ந்து பருத்தியில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏத்தா, கொஞ்சம் கேளு" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே முழுவதையும் படித்தேன். அவள் கை ஓயவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"சனிக்கெழமைக்குச் சனிக்கெழம எண்ணெய் விட்டானா?"

"விட்டான்."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அதப் பாத்திருந்துமா அன்னைக்குக் குழிப்பக்கத்துல எங்கூட நின்ன?"

மடியிலிருந்த பருத்தியை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள். "அவன வரச் சொல்லுண்ணே" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அவளும் பேசிவிட்டாள், அண்ணே என்றும் சொல்லிவிட்டாள் என்று முட்டாள் மாதிரிச் சிரித்துக்கொண்டு நின்றேன். வாசற்படியில் ஏறியவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "நீ இனிமே இங்க வராத."

சரி என்று வந்துவிட்டேன். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா நேற்று அவளுக்குக் குழம்பு கொண்டுபோனாள். தெருமுனை வரை தூக்குச்சட்டியை நான் சுமந்துபோய், அங்கே அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இனி அதுதான் என் எல்லை.

நீ புறப்பட்டு வா. அருப்புக்கோட்டையில் பஸ் மாறி இறங்கியதும் நேரே அத்தை வீட்டுக்குப் போ, நம் வீட்டுக்கு அப்புறம் வரலாம். அம்மா அங்கே வந்து உன்னைப் பார்த்துக்கொள்வாள். பஸ் என் கடையைத் தாண்டித்தான் நிற்கும். நான் உள்ளேதான் இருப்பேன். உன்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவர மாட்டேன். நீ கூப்பிட்டால் வருவேன்.

உன் அப்பா